கோடு போடாத பிரதி

பிப்ரவரி 9

மெக்கானிக்குக்கு,

உன் தங்கை நேற்று போன் செய்தாள். ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில், "அண்ணி, ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. அண்ணன் புக்கு படிக்கிறாரு" என்றாள்.

"லிப்ட் மேனுவலா இருக்கும்" என்றேன்.

"ஐயோ இல்ல அண்ணி, கதை புக்கு. டிவி ஓடுது, நான் பேசிக்கிட்டே இருக்கேன், 'ம்'ங்கிறாரு. நீங்க சொல்ற அதே 'ம்'."

சிரித்தேன். வைத்த பிறகு சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

உன்னையே போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் 'சாப்பிட்டாயா'வைத் தாண்டியதே இல்லை. இந்த அகராதி வேலைக்காக நான் இங்கே வந்த முதல் வாரமே, இனி எழுதிக்கொள்வோம் என்று முடிவானது அதனால்தானே. ஆகவே எழுத்தில் கேட்கிறேன். என்ன புத்தகம்? எப்போதிலிருந்து? அதை ஏன் உன் தங்கை சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

கல்யாணம் ஆன நாளிலிருந்து உனக்குப் புத்தகம் கொடுத்து வருகிறேன். ஒன்றின் மேல் டீ டம்ளர் வைத்தாய். ஒன்றை ஆடுகிற மேசைக்காலுக்குக் கொடுத்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. (சொன்னேன்.) பிறகு குறட்டையை ஏற்றுக்கொள்வதுபோல் அதையும் ஏற்றுக்கொண்டேன். என் கணவன் படிக்க மாட்டான். நல்லவன், படிக்க மாட்டான்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதியில் நாங்கள் இன்னும் ககரத்தைத் தாண்டவில்லை. சந்தோஷம் வந்துசேர மாதங்கள் ஆகும்.

அகராதி


பிப்ரவரி 15

அகராதிக்கு,

தங்கச்சி வாயில் எதுவும் தங்காது. அவளை வைத்துக்கொண்டு படித்தது என் தப்பு.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி லிப்டை மாற்றுகிற வேலை போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா. லிப்ட் குழிக்கு அடுத்த சுவர் எக்ஸ்ரே அறை. நான் துளை போட்டால் அந்த அறை அதிர்கிறது, படம் கலங்கிவிடுகிறது. முதல் நாளே அங்கே எக்ஸ்ரே எடுக்கிற மேடம் வெளியே வந்து, "சார், உங்க டிரில்லுக்கு என் பேஷன்ட் எலும்பெல்லாம் டான்ஸ் ஆடுது. நான் சுவத்தைத் தட்டினா நிறுத்துங்க, மறுபடி தட்டினா ஆரம்பிங்க" என்றார். சரி என்றேன்.

அவர் தட்டுவார். நிறுத்துவேன். கூட்டம் இருக்கிற நாளில் பாதி நேரம் சும்மாதான் நிற்பேன். ஒருநாள் அவரே, "சுவத்தையே முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அது என்ன பாவம் பண்ணிச்சு? இந்தாங்க" என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். வாங்காவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று வாங்கினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் படிப்பேன். இப்போது வீட்டுக்கும் எடுத்து வருகிறேன்.

என்ன புத்தகம் என்று கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்ததுதான். அந்தக் கலங்கரை விளக்கக்காரன் கதை.

குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

மெக்கானிக்


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய லிப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழாய் குறித்து மகிழ்ச்சி.

தாங்கள் குறிப்பிட்ட புத்தகம் தங்கள் வீட்டிலேயே இருக்கிறது. படுக்கையறை அலமாரி, இரண்டாவது தட்டு, இடது ஓரம். நம் முதல் கல்யாண நாளுக்கு நான் தங்களுக்குக் கொடுத்தது. வெறும் புத்தகமாகக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, எங்கே நின்று படிக்க வேண்டும், எதை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதுவரை யாருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. அது திறக்காமல் கிடக்கிறது. அதே புத்தகத்தை ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்மணி நீட்டினார், தாங்கள் வாங்கிக்கொண்டீர்கள். மரியாதைக்காக.

கல்லூரியில் படித்த காலத்தில் ஒருமுறை, பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவள் இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எனக்குப் பிடித்த பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வருவதற்குள் அவளுடைய நிறுத்தம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை. புரட்டினாள், கொட்டாவி விட்டாள். இன்றுவரை அவள் முகம் நினைவில் இருக்கிறது. புத்தகத்தை நேசிப்பவர்கள் பெரிய மனசுக்காரர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ.

அந்த மேடத்துக்கு என்ன வயது?

இன்னொன்று. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்க முடியுமா என்று கேட்கிறார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி


பிப்ரவரி 26

அகராதிக்கு,

மரியாதை கொடுத்து எழுதியிருக்கிறாய். உறையைப் பிரித்ததும் முதல் வரியை இரண்டு தரம் படித்தேன். தங்கச்சியிடம் காட்டினேன். "நீங்கன்னு எழுதிட்டாங்களா? செத்தண்ணே நீ" என்றாள்.

வயது தெரியாது. கேட்டால் தப்பாகிவிடும். கேட்காவிட்டாலும் தப்பாகிறது. அந்த அம்மா எப்போதும் கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு திரிகிறார். போருக்குப் போகிற ஆள் மாதிரி இருப்பார். போதுமா?

உன் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். திறந்தேன். நீ கொடுத்த அன்றைக்கே திறந்தேன். மூன்றாவது வரியில் கோடு. ஓரத்தில் 'கவனி' என்று இருந்தது. கவனித்தேன். என்னவென்று தெரியவில்லை. அடுத்த பக்கத்தில் 'அழகு' என்று எழுதியிருந்தாய். எனக்கு அது அழகாகத் தெரியவில்லை, ஒரு ஆள் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். என் புத்திக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்து மூடினேன். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினேன். நீ முன்னாலேயே போய் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, 'இப்ப உள்ள வா' என்கிறாய். எனக்கு இருட்டில் போய் நாலு இடத்தில் இடித்துக்கொண்டு சுவிட்சைத் தேட வேண்டும்.

மேடத்தின் பிரதியில் ஒரு கோடுகூட இல்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை. கொடுத்தார், சுவரைத் தட்டப் போய்விட்டார்.

வேலை விஷயம். உன் விருப்பம்.

மெக்கானிக்


மார்ச் 3

மெக்கானிக்குக்கு,

'உன் விருப்பம்.' இரண்டு சொல். அகராதிக்காரிக்கு அதற்குப் பொருள் எழுதத் தெரியவில்லை.

கோடு பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுதிக் கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதுவும் கிழிந்தது. என் கோடுகள் உனக்காகத்தான் போடப்பட்டவை. அந்தத் தாளில் என் கை பட்ட இடமெல்லாம் உனக்கு இடைஞ்சல். யாருடைய கையும் படாத தாள், அதுவும் அவளுடையது, உனக்கு வசதி. புரிகிறது. புரிவதால் எரிச்சல் குறையவில்லை.

இங்கே நான் படிப்பதே இல்லை, தெரியுமா. நாள் முழுக்க நாவல்தான் கையில். ஆனால் நான் வாக்கியம் பிடுங்குகிறேன். 'கசப்பு' என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் ஒரு குடும்பமே உடைகிற அத்தியாயத்துக்குள் போய், அந்த ஒரு வரியை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு வெளியே வருகிறேன். அவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே. விடுதி அறைக்குத் திரும்பினால் ஜன்னல், கட்டில், எதிர்ச்சுவர். புத்தகத்தைத் திறந்தால் கண் சொல் பொறுக்குகிறது. கதை நகர்வதில்லை.

நீ அங்கே ஒரு லிப்ட் குழி ஓரத்தில் நின்றுகொண்டு, அடுத்து என்ன ஆகும் என்று தெரியாமல் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறாய். அந்தத் தெரியாமை எனக்கு இனி ஒருபோதும் கிடைக்காது. அவள் மேல் எனக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மேலும்தான். அவள் மேல் இல்லாமல் இல்லை.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். முடித்ததும் முதலில் என்னிடம் சொல். நீ அவளோடு டீ குடிக்கலாம், மழையைப் பற்றிப் பேசலாம், எலும்பைப் பற்றிப் பேசலாம். கடைசிப் பக்கத்தைப் பற்றி உன் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் எனக்கு வேண்டும். இத்தனை வருடம் காத்திருந்தவள் நான்.

அகராதி


மார்ச் 8

அகராதிக்கு,

சரி. உனக்குத்தான் முதலில்.

விளக்கக்காரனின் மனைவி சாமான் படகில் ஏறிப் போய்விட்டாள். அந்த இடத்தில் இருக்கிறேன். நேற்று மேடம் சுவரைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்து, "எதுல இருக்கீங்க?" என்றார்.

"அவ போயிட்டா மேடம்."

"அடப்பாவமே! இனிமேதான் சார் கதையே."

"சொல்லாதீங்க. எதுவும் சொல்லாதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டேன். வரிசையில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர், எனக்குத்தான் ஏதோ கெட்ட ரிப்போர்ட் வந்துவிட்டது என்று பரிதாபமாகப் பார்த்தார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மறைத்தால் நீ தங்கச்சியிடம் கேட்பாய்.

பொறாமை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அது உண்டு, உன்னுடையதைவிடப் பழசு. நீ படிக்கும்போது கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாய், வெளிச்சத்துக்காக. எனக்கு உன் முதுகுதான் தெரியும். சில சமயம் அந்த முதுகு சிரிக்கும். சில சமயம் மூச்சு வேறு மாதிரி வரும். என்னவென்று கேட்டால் 'ம்' என்பாய். உள்ளே எவனோ உன்னைச் சிரிக்கவைக்கிறான், எனக்கு அவன் பெயர்கூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பேன். மனுஷனாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். புத்தகத்தின் சட்டையை எங்கே பிடிப்பது?

லிப்ட் கூண்டைச் சமன்செய்கிற எதிர் எடை வந்து இறங்கிவிட்டது. இந்த மாதக் கடைசியில் லிப்ட் ஓடும்.

மெக்கானிக்


மார்ச் 13

மெக்கானிக்குக்கு,

'அடப்பாவமே, இனிமேதான் கதையே.' நான் சொல்லியிருக்க வேண்டியது. எத்தனை கதையின் நடுவில், எத்தனை முறை, உன்னிடம் சொல்லத் தயாராக வைத்திருந்தேன் அதை. கேட்பதற்கு நீ எந்தக் கதையின் நடுவிலும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறாய். நான் இல்லை.

முதுகு பற்றி. அதை மூன்று முறை படித்தேன். அடுத்த நாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாள். "என் முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பயந்துவிட்டாள்.

தலைமைப் பதிப்பாசிரியர் இன்று மறுபடி கேட்டார். "வீட்டுல என்ன சொல்றாங்க?" என்றார். "யோசிக்கிறாங்க" என்றேன். யோசிக்கிறாயா?

அகராதி


மார்ச் 19

அகராதிக்கு,

முடித்துவிட்டேன்.

தப்பு நடந்துவிட்டது. கடைசிப் பக்கம் முடிந்து நிமிர்ந்தபோது மேடம் எதிரே நின்றிருந்தார். "முடிச்சாச்சா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். மூட முடியவில்லை, பேசிவிட்டேன். கொஞ்சம்தான். ஆனால் பேசிவிட்டேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எனக்குத் தெரியுமே.

திட்டு.

மெக்கானிக்


மார்ச் 22

என்ன பேசினீர்கள்? ஒரு வார்த்தை விடாமல் எழுதவும். சுருக்கம் வேண்டாம்.


மார்ச் 26

அகராதிக்கு,

ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"முடிச்சாச்சா? அழுதீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். கோவமா வருது. என்ன ஆளு இவன்? பொண்டாட்டி அத்தனை வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து வாசல்ல நிக்கிறா. கதவைத் திறந்துட்டு ஒதுங்கி நிக்கிறான். ஏன் போனே, ஏன் வந்தே, ஒண்ணு கேக்க மாட்டானா?"

"கேக்காம இருக்கிறதுதான் சார் அன்பு."

"அன்பு இல்ல மேடம், பயம். எனக்குத் தெரியும், நானே அந்த ரகம்தான். இன்னொரு வருஷம் அங்கேயே இருக்கட்டுமான்னு என் பொண்டாட்டி எழுதிக் கேக்குறா. இருக்காதே, வந்துடுன்னு கையைப் பிடிச்சு இழுக்கணும்னு இருக்கு. உன் விருப்பம்னு எழுதிப் போட்டுட்டு இங்க வந்து சுவத்தைத் துளைச்சுக்கிட்டிருக்கேன்."

மேடம் கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டினார். பிறகு, "இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"இல்ல."

"அப்ப என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நகருங்க, அந்தப் பாட்டிக்கு முழங்கால் எடுக்கணும்."

அவ்வளவுதான். புத்தகத்தை அப்போதே அவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் பிரதியை எடுத்தேன். நேராகக் கடைசிப் பக்கம் போனேன். 'அவன் ஒன்றும் கேட்கவில்லை.' அதன் கீழே இரட்டைக் கோடு. ஓரத்தில், 'இப்படி ஒருவன்' என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உனக்கு வேண்டியது அந்த ஆள்தான் போலிருக்கிறது, படிக்காமலேயே நான் அவனாகிவிட்டேன் என்று தோன்றியது. நீ இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டேன்.

எனக்கு அந்த ஆளாக இருக்கப் பிடிக்கவில்லை. அதனால் கேட்கிறேன். ஏன் போனாய்? எப்போது வருகிறாய்? இன்னொரு வருடம் வேண்டாம். வா.

மெக்கானிக்


மார்ச் 30

மெக்கானிக்குக்கு,

இந்த ஊர்க் கடையில் கலங்கரை விளக்கக்காரனின் புதுப் பிரதி ஒன்று வாங்கினேன். வெறும் தாள். மதியம் முழுக்க அலுவலகத்துக்குத் திரும்பாமல் கட்டிலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன்.

'அவன் ஒன்றும் கேட்கவில்லை.' அதற்கு அடுத்து ஒரு வரி இருக்கிறது, உனக்கு நினைவிருக்கிறதா? 'அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.' நான் இந்தப் புத்தகத்தை எத்தனை முறை படித்திருப்பேன். அந்த வரி நினைவிலேயே இல்லை. என் இரட்டைக் கோடு அதற்கு முந்தைய வரியோடு நின்றுவிடுகிறது, நானும் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறேன். அவள் ஏன் செருப்பைக் கழற்றவில்லை? கேட்பான் என்றுதான். கேட்டால் உள்ளே போகலாம் என்றுதான்.

இதை வைத்து ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. அவன் பயந்தவன் இல்லை. அதில் நீ தப்பு. டிரில் சத்தத்தில் படித்தால் இப்படித்தான் புரியும்.

இன்னொரு வருடம் முடியாது என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அது தொடக்கத்திலிருந்தே வேண்டியிருக்கவில்லை. நீ வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் உன்னைக் கேட்டேன். இருக்காதே, வந்துடு. இங்கே வந்த நாளிலிருந்து நான் எதிர்பார்த்துக் கிடந்த சொற்கள். ஒவ்வொரு உறையையும் அதற்காகத்தான் பிரித்தேன். கடைசியில் அது உன் வாயிலிருந்து வந்தபோது எதிரே நின்று கேட்டவள் அவள். எனக்குக் கிடைத்தது நகல். புத்தகத்தைப் பற்றி நீ அவளிடம் முதலில் பேசியதை மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இதை மன்னிக்க நாளாகும். பக்கத்தில் இருந்துதான் முயல வேண்டும்.

ஏன் போனேன் என்று கேட்டிருக்கிறாய். அதை எழுத மாட்டேன். நேரில் கேள்.

சனிக்கிழமை காலை பஸ். அந்த ஆளை ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு உன் காரணங்களை எல்லாம் எடுத்து வை, ஒவ்வொன்றாக உடைக்கப் போகிறேன். அதற்குள் யாரிடமும் சொல்லிப் பார்க்காதே. உன் தங்கையிடம்கூட.

அகராதி